நகைப்பும் உடைமையும்: றெட் ஃபொக்ஸின் மேடையும் தொலைக்காட்சியும் பற்றிய ஒரு மதிப்பீடு

1

நகைச்சுவையை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்வதில் நம்மிடையே நீண்டகாலமாக ஒரு தயக்கம் இருந்து வந்துள்ளது. அவலத்தையும் வீரத்தையும் பொருளாகக் கொண்ட ஆக்கங்கள் பெறும் விமர்சனக் கவனத்தை, மக்களைச் சிரிக்கவைக்கும் ஆக்கங்கள் பெறுவதில்லை. சிரிப்பு இளைப்பாறுதலுக்கு உரியது, சிந்தனைக்கு உரியதன்று என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். ஆனால் தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதலில் வைத்து எண்ணுகின்றது. நகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலும் பேதைமையும் இடம்பெறுகின்றன. எள்ளலுக்கு உரைகூறப் புகுந்த பேராசிரியர் அதனை இருவகைப்படுத்துவார்: ஒருவன் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதல் மற்றொன்று.

இப்பகுப்பினுள் ஆழ்ந்த சமூக உண்மையொன்று பொதிந்துள்ளது. சிரிப்பு என்பது எப்பொழுதும் ஓர் உறவு. யார் சிரிக்கிறார், யாரைக் குறித்துச் சிரிக்கிறார், அச்சிரிப்பு எந்த இடத்திலே நிகழ்கிறது என்பனவற்றை விடுத்து அதனை விளங்கிக்கொள்ள முடியாது. வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் பெருகிய இருபதாம் நூற்றாண்டிலே இவற்றோடு நான்காவது வினாவொன்றும் சேர்ந்துகொண்டது: அச்சிரிப்பு யாருடைய உடைமை?

இவ்வினாவை ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பினக் கலைஞரான றெட் ஃபொக்ஸின் வாழ்வையும் தொழிலையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மேடையிலே தனியே நின்று பேசிச் சபையைச் சிரிக்கவைக்கும் தனிநிலை நகைச்சுவையாளராக ஏறத்தாழ முப்பதாண்டுகள் வாழ்ந்த அவர், தமது நாற்பத்தொன்பதாவது வயதிலே தொலைக்காட்சி நடிகராகி நாடறிந்த முகமானார். இம்மாற்றத்தை வறுமையிலிருந்து புகழுக்கு உயர்ந்த தனிமனிதக் கதையாகக் கூறுவாரும் உளர். மக்கட் கலைஞன் ஒருவன் பெருங்கம்பனிக்கு விலைபோன கதையாகக் கூறுவாரும் உளர். இவ்விரண்டும் உண்மையின் ஒரு பாதியையே காட்டுவன என்பது நமது கருத்து.

2

ஃபொக்ஸை மதிப்பிடுவதற்கு முன்னர், அவர் எந்த மரபுக்கு எதிராக நின்று பேசினார் என்பதை அறிதல் வேண்டும். 1830 அளவிலே தோமஸ் றைஸ் என்னும் வெள்ளை நடிகர் முகத்திலே கரிபூசி, 'ஜிம் குறோ' என்னும் கறுப்பினப் பாத்திரமாக ஆடிப் பாடிப் பெரும்புகழ் பெற்றார். அப்பாத்திரத்தின் பெயரே பின்னர் தென்மாநிலங்களின் நிறப்பாகுபாட்டுச் சட்டங்களுக்கும் பெயராயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது. மேடையிலே சிரிப்புக்குரியதாக்கப்பட்ட ஒன்று சட்டத்திலே இழிவுக்குரியதாக்கப்பட்டது. கரிபூசிய இவ்வரங்க மரபு முழுவதும் பேதைமையையே நிலைக்களனாகக் கொண்டது. கறுப்பு மனிதன் அறிவிலி, சோம்பேறி, கவலையற்றவன் என்னும் படிமத்தை அது ஒவ்வோர் இரவும் புதுப்பித்தது. அடிமை முறையின் கொடுமையை மறைப்பதற்கு, அடிமை மகிழ்ச்சியாக இருக்கிறான் என்னும் தோற்றத்தைக் காட்டிலும் வாய்ப்பான திரை வேறில்லை.

வானொலி வந்தபோதும் இந்நிலை மாறவில்லை. 1928 இலே தொடங்கிய 'ஏமொஸ் அன்ட் அன்டி' என்னும் நிகழ்ச்சியிலே கறுப்பினப் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தோர் இரு வெள்ளையர். அந்நிகழ்ச்சி 1951 இலே தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பின நடிகர்களே அதில் நடித்தனர். ஆயினும் பாத்திரங்களின் இயல்பு மாறவில்லை. நிறமக்கள் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கம் அதற்கெதிராகக் குரலெழுப்பியது. 1953 இலே புதிய தயாரிப்பு நின்றது. நடிப்பவரின் தோல் நிறம் மாறுவதால் மட்டும் நகைப்பின் திசை மாறிவிடாது என்ற இந்த அனுபவம், பின்னர் ஃபொக்ஸின் தொடரை மதிப்பிடுகையிலே நமக்குப் பயன்படும்.

3

ஜோன் எல்றோய் சான்ஃபோர்ட் என்னும் இயற்பெயருடைய றெட் ஃபொக்ஸ் 1922 டிசெம்பர் 9 ஆந் திகதி மிசூறி மாநிலத்தின் செயின்ற் லூயிஸ் நகரிலே பிறந்தார். சிறுவயதிலேயே தந்தை குடும்பத்தை விட்டு நீங்கினார். சிக்காகோவின் தென்பகுதியிலே வளர்ந்த சிறுவன், பள்ளிப்படிப்பை முடிக்காமலே நண்பர்களோடு சேர்ந்து, சலவைத் தொட்டியை வாத்தியமாக்கி இசைக்கும் தெருவோரக் குழுவொன்றை அமைத்தான். இக்குழு 1939 அளவிலே நியூ யோர்க் சென்றது. தென்மாநிலங்களிலிருந்து வடக்கின் தொழில் நகரங்களுக்குப் பெயர்ந்த கறுப்பின மக்களின் பெரும் இடப்பெயர்வு உருவாக்கிய நகர்ப்புறச் சேரிகளே இவரது பள்ளிக்கூடம்.

ஹார்லெமிலே ஓர் உணவகத்தில் அவர் கோப்பை கழுவும் தொழிலாளியாக இருந்தார். அங்கு அவரோடு தொழில் செய்த இன்னோர் இளைஞர் மல்கம் லிற்றில். இருவருக்கும் செம்பட்டைத் தலைமயிர். ஒருவர் 'சிக்காகோ றெட்', மற்றவர் 'டெற்றொயிற் றெட்' என அழைக்கப்பட்டனர். மல்கம் லிற்றிலே பின்னாளில் மல்கம் எக்ஸ் ஆனார். 1965 இலே வெளிவந்த தமது சுயசரிதையிலே, தாம் கண்ட கோப்பை கழுவுவோருள் மிகவும் சிரிக்கவைத்தவராக அவர் இந்நண்பரை நினைவுகூர்கின்றார். ஒரே சமையற்கட்டிலிருந்து ஒருவர் சினத்தின் பேச்சாளராகவும் மற்றவர் நகைப்பின் பேச்சாளராகவும் புறப்பட்டமை தற்செயலன்று. இருவரதும் பேச்சுக்குக் களம் ஒன்றே, வடிவமே வேறு.

செம்பட்டை நிறத்தாற் பெற்ற 'றெட்' என்பதோடு, ஜிம்மி ஃபொக்ஸ் என்னும் பேஸ்போல் விளையாட்டு வீரரின் பெயரை இணைத்து அவர் தமது மேடைப்பெயரை ஆக்கிக்கொண்டார். 1940களின் பிற்பகுதியிலே ஸ்லப்பி வைற் என்பாருடன் இணைந்து இருவர் நகைச்சுவை நிகழ்த்தினார். பின்னர் தனித்து நின்றார். அவர் உலவிய அரங்குகள் 'சிற்லின் சுற்று' எனப்பட்டவை. சிற்லின் என்பது பன்றிக்குடலைச் சமைத்து ஆக்கும் உணவு. தோட்ட முதலாளி வேண்டாமென ஒதுக்கியதை அடிமைகள் தமது உணவாக்கிக்கொண்டனர் என்ற வரலாறு அப்பெயரிலேயே உண்டு. வெள்ளையரின் அரங்குகளிலே இடமில்லாத கறுப்பினக் கலைஞர் கறுப்பின மக்களுக்கே நிகழ்த்திய களியாட்டக் கூடங்களும் கொட்டகைகளும் இச்சுற்றினுள் அடங்கும். மொம்ஸ் மேபிலி, பிக்மீற் மார்க்கம் முதலியோர் இம்மரபின் மூத்தோர்.

இவ்வரங்கின் இயல்பை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். இங்கு நிகழ்த்துவோனும் சபையும் ஒரே தெருவினர். நிகழ்த்துவோன் வாயெடுத்தால், அவன் கூறாமல் விட்டதையும் சபை அறியும். வீட்டுவாடகை, பொலிசாரின் கெடுபிடி, வேலையின்மை, வெள்ளை எசமானின் அறியாமை, ஆண் பெண் உறவு ஆகிய அனைத்தும் அரைச்சொல்லிலேயே விளங்கிவிடும். சபையிலிருந்து மறுமொழி எழும். அதனை வாங்கி நிகழ்த்துவோன் திருப்பி எறிவான். ஆகவே எழுத்துப் பிரதி என்று ஒன்று இங்கில்லை. ஒவ்வோர் இரவும் சபையும் கலைஞனும் சேர்ந்தே அதனை ஆக்கினர். பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை எள்ளல் இங்குதான் தனது முழு ஆற்றலையும் பெறுகின்றது. பகல் முழுவதும் பிறரால் எள்ளப்பட்ட மக்கள், இரவிலே ஒன்றுகூடித் தாமே நகுகின்றனர். அவ்வாறு நகும்போது எள்ளியவன் சிறுத்துப்போகின்றான். ஃபொக்ஸின் பாலியல் சார்ந்த இரட்டுற மொழிதல்களும் இச்சூழலிலேயே நோக்கப்படவேண்டியவை. அவை பல வேளைகளில் எல்லை மீறியவை என்பதிலும், பெண்களைப் பொருளாக்கியவை என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் மரியாதைக்குரிய சமூகம் எனப்பட்டதன் விதிகளை ஏற்க மறுத்த குரல் அது.

4

இச்சபையிலிருந்து நகைப்பைப் பிரித்தெடுத்து விற்பனைப் பண்டமாக்கிய முதற் சாதனம் தொலைக்காட்சியன்று, இசைத்தட்டே. 1950களின் நடுப்பகுதியிலே லொஸ் ஏஞ்சல்சிலிருந்த டூட்டோன் என்னும் இசைத்தட்டுக் கம்பனி ஃபொக்ஸின் நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து வெளியிடத் தொடங்கியது. அதன் உரிமையாளர் டூட்சி வில்லியம்சும் கறுப்பினத்தவரே. ஒன்றன்பின் ஒன்றாக ஐம்பதுக்கு மேற்பட்ட இசைத்தட்டுகள் வெளிவந்தன. பல கடைகளிலே இவை காட்சிக்கு வைக்கப்படவில்லை. கேட்போருக்கு மட்டும் மேசைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டன. வானொலியில் ஒலிபரப்ப முடியாதவை, செய்தித்தாளிலே விளம்பரப்படுத்த முடியாதவை என்ற நிலையிலும் அவை நாடெங்கும் பரவின. வீடுகளிலே நண்பர் கூடும் இரவுகளில் ஒருமித்துக் கேட்கப்பட்டன.

கலை பண்டமாகியது உண்மையே. ஆயினும் அப்பண்டம் சென்ற வழி சமூகத்தின் உள்வழியாகவே இருந்தது. ஆக்கியோன், வெளியிட்டோன், வாங்கியோருட் பெரும்பாலோர் ஆகிய மூவரும் ஒரே மக்கட்கூட்டத்தினர். கூட்டாகக் கேட்கும் வழக்கமும் சபையின் இயல்பை ஓரளவு காத்தது. ஆகவே பண்டமாதல் என்பது ஒரே அளவில், ஒரே வகையில் எங்கும் நிகழ்வதன்று. பண்டத்தின் பின்னாலுள்ள உறவுகளை நோக்காது பண்டமாதலை மட்டும் பழிக்கும் விமர்சனம் இயந்திரப் பாங்கானது.

1960களிலே நிலைமை மாறலாயிற்று. குடியியல் உரிமைப் போராட்டத்தின் வளர்ச்சியோடு, டிக் கிறெகரி போன்ற கறுப்பின நகைச்சுவையாளர் வெள்ளையர் சபைகளிலும் நின்று பேசும் நிலை தோன்றியது. ஃபொக்ஸ் 1964 இலே என்.பி.சி. நிறுவனத்தின் 'ருடே' என்னும் காலை நிகழ்ச்சியிலே தோன்றினார். பின்னர் லாஸ் வேகாசின் கேளிக்கை மண்டபங்களிலும் இடம்பெற்றார். லொஸ் ஏஞ்சல்சிலே தமது பெயரால் ஒரு கேளிக்கைக் கூடத்தையும் நடத்தினார். இளைஞரான றிச்சட் பிறயர் தமது 1971 ஆம் ஆண்டு இசைத்தட்டொன்றைப் பதிவுசெய்தது இக்கூடத்திலேயே. தொலைக்காட்சிக்கு வருமுன் ஃபொக்ஸ் தமக்கெனவும் தம் தலைமுறைக்கு அடுத்தோருக்கெனவும் ஓர் அரங்கை உடைமையாகக் கொண்டிருந்தார் என்பதை இவ்விடத்திலே குறித்துக்கொள்வோம்.

5

1970 இலே ஒஸ்ஸி டேவிஸ் நெறிப்படுத்திய 'கொட்டன் கம்ஸ் ரு ஹார்லெம்' திரைப்படத்திலே ஃபொக்ஸ் பழைய சாமான் வியாபாரியாக நடித்தார். இப்பாத்திரமே அவரைத் தொலைக்காட்சிக்கு இட்டுச்சென்றது. தயாரிப்பாளரான பட் யோர்க்கினும் நோர்மன் லியரும், பி.பி.சி.யிலே 1962 முதல் வெளிவந்த 'ஸ்டெப்டோ அன்ட் சன்' என்னும் பிரித்தானியத் தொடரை அமெரிக்கச் சூழலுக்கு மாற்ற முனைந்திருந்தனர். அது பழைய சாமான் சேர்க்கும் தந்தையையும், அவ்வாழ்விலிருந்து விடுபட விழைந்தும் விடுபட முடியாத மகனையும் பற்றியது. இவ்வாறு பிறந்ததே 1972 ஜனவரி 14 இல் என்.பி.சி.யிலே தொடங்கிய 'சான்ஃபோர்ட் அன்ட் சன்'. களம் லொஸ் ஏஞ்சல்சின் வொட்ஸ் பகுதி. 1965 ஓகஸ்டிலே ஆறு நாட்கள் நீடித்து 34 உயிர்களைப் பலிகொண்ட எழுச்சி நிகழ்ந்த அதே வொட்ஸ்.

கால ஒற்றுமையைக் கவனித்தல் வேண்டும். நகரங்கள் தீப்பற்றி எரிந்த பத்தாண்டின் முடிவிலேதான் தொலைக்காட்சிக் கம்பனிகளுக்குக் கறுப்பினக் குடும்பமொன்றின் கதை தேவைப்பட்டது. இதனைப் போராட்டத்தின் வெற்றி என்பதா, போராட்டத்தைச் சாந்தப்படுத்தும் உபாயம் என்பதா? இரண்டுமே என்பதே நமது விடை. வர்த்தகத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பார்வையாளருக்கு விற்பதில்லை. பார்வையாளரை விளம்பரதாரருக்கு விற்கின்றது. நகர்ப்புறக் கறுப்பின மக்கள் வாங்கும் சக்தியுடைய கூட்டமாகக் கணக்கில் எடுக்கப்பட்டதும், வெள்ளைப் பார்வையாளர் கறுப்பின வாழ்வைத் தமது கூடத்திலிருந்து காணத் தயாரானதும் ஒரே காலத்தின் இரு பக்கங்கள். தொடர் 1972–73 ஆம் பருவத்திலே நாட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுள் இரண்டாம் இடத்தைப் பெற்றது. 1973 இலே ஃபொக்சுக்கு 'கோல்டன் குளோப்' விருதும் கிடைத்தது.

கதைத்தலைவனின் பெயர் ஃபிரெட் சான்ஃபோர்ட். சான்ஃபோர்ட் என்பது ஃபொக்ஸின் குடும்பப்பெயர்; ஃபிரெட் என்பது அவருடைய தந்தையினதும் தமையனதும் பெயர். அறுபத்தைந்து வயது முதியவராக அவர் நடித்தார். கால்களை அகற்றி இழுத்து நடக்கும் நடை, கரகரத்த குரல், முகத்தைக் கோணி மகனை ஏமாற்றும் பாவனை ஆகியன அனைத்தும் மேடையிலே தேறியவை. மகன் லமொன்ட் வீட்டை விட்டுப் போவதாகக் கூறும்போதெல்லாம் தந்தை நெஞ்சைப் பிடித்து, மாரடைப்பு வந்துவிட்டதென நடித்து, இறந்துபோன மனைவி எலிசபெத்தை விளித்துத் தாமும் அவளிடம் வருவதாகப் புலம்புவார். இத்தந்திரம் தொடரின் முத்திரையாயிற்று. முதுமையின் தனிமையையும் கைவிடப்படும் அச்சத்தையும் அடியிலே கொண்ட நகைப்பு இது. உழைக்கும் ஏழைக்குத் தன் மகனைத் தடுத்து வைப்பதற்குத் தனது நோயைத் தவிர வேறு உடைமையில்லை.

பிரித்தானியத் தொடரோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு தெளிவாகும். அதனை எழுதிய கோல்ரனும் சிம்சனும் நகைச்சுவையாளரைத் தவிர்த்து, தேர்ந்த நாடக நடிகர்களையே வேண்டினர்; ஆகவே அங்கு எழுத்தே ஆட்சி செலுத்தியது. அமெரிக்கத் தொடரின் தொடக்கக் கதைகள் சில அதே எழுத்திலிருந்து தழுவப்பட்டவையெனினும், இங்கே நடுவில் நின்றவர் சபையோடு பேசிப் பழகிய கலைஞர். படப்பிடிப்பு அரங்கிலே பார்வையாளர் முன்னிலையில் தொடர் பதிவுசெய்யப்பட்டமை அவருக்குக் கைகொடுத்தது. வசனத்தை எங்கே நிறுத்துவது, சிரிப்பு அடங்குமுன் எவ்வாறு அடுத்ததைத் தொடுப்பது என்பன எழுத்தாளன் எழுதித் தரக்கூடியவையல்ல. சிற்லின் சுற்றிலிருந்து தொலைக்காட்சிக்குள் உண்மையிலே கடத்தப்பட்டது பொருளன்று, தாளகதியே.

இன்னொன்றும் கடத்தப்பட்டது. எஸ்தர் மாமியாக நடித்த லவொண்டா பேஜ், ஃபொக்ஸின் இளமைக்காலச் சிநேகிதி. கறுப்பினக் கேளிக்கைக் கூடங்களிலே தீ நடனமாடியும் நகைச்சுவை கூறியும் பல்லாண்டு உழைத்தவர். தொலைக்காட்சி அனுபவமின்மையாற் தொடக்கத்திலே அவர் தடுமாறியபோது தயாரிப்பாளர் அவரை நீக்க எண்ணினர். அவரை நீக்கினால் தாமும் விலகுவதாக ஃபொக்ஸ் உறுதியாக நின்றார். அவர் வீட்டிலேயே ஒத்திகை நடந்தது. எஸ்தர் பின்னர் தொடரின் பெருந்தூண்களுள் ஒருவரானார். வெளியிலே அறியப்படாத ஓர் அரங்கு முழுவதன் உழைப்பும் இவ்வாறு ஒரு மனிதரின் பிடிவாதத்தாலேயே திரையில் இடம்பெற்றது.

6

எனினும் தொடரைப் பற்றிய கண்டனங்களை நாம் புறக்கணிக்க முடியாது. 1973 இலே கறுப்பின எழுத்தாளரும் இலக்கியப் பேராசிரியருமான யூஜீனியா கொலியர், நியூ யோர்க் ரைம்ஸ் பத்திரிகையிலே எழுதிய கட்டுரையொன்றில், இத்தொடர் புறத்தே கறுப்பாயினும் உள்ளீட்டிலே வெள்ளையாகவே உள்ளதென வாதித்தார். பிரித்தானிய வெள்ளையர் எழுதியதை அமெரிக்க வெள்ளையர் தழுவித் தயாரிக்க, கறுப்பின நடிகர் நடித்தனர் என்னும் உண்மை இவ்வாதத்துக்கு வலுச்சேர்க்கின்றது. ஏமாற்றுவதும் வேலைக்குக் கள்ளமிடுவதுமாகிய ஃபிரெட் சான்ஃபோர்டிடத்தே பழைய கரிமுகப் பேதையின் சாயலைக் காண்பதும் அரிதன்று.

வேறொரு குறையையும் நாம் சுட்டவேண்டும். ஃபிரெட்டின் எள்ளல் மேல்நோக்கி மட்டும் பாய்வதில்லை. அயலவரான போர்ட்டோ றிக்கோ இளைஞர் ஜூலியோவையும் ஆசிய இனத்தவரையும் அது இழிவுபடுத்துகின்றது. எஸ்தர் மாமியின் தோற்றம் கிழமைதோறும் கேலிக்குள்ளாகின்றது. எஸ்தர் தமது கைப்பையால் ஓங்கி அடித்து மறுமொழி கூறுவதனால் சமநிலை ஏற்படுகிறதெனலாம். ஆயினும் கறுப்பினப் பெண்ணின் முகம் நகைப்புப் பொருளாவது அதனால் மாறிவிடாது. ஒடுக்கப்பட்டவன் தன் அருகிலுள்ள ஒடுக்கப்பட்டவனையே எள்ளுவது அதிகாரத்துக்கு மிக வசதியான நகைப்பு. ஃபிரெட் ஒரு குறுகிய மனத்தினன், அவனைப் பார்த்தே நாம் சிரிக்கிறோம் என்ற சமாதானம் ஓரளவே ஏற்புடையது. சிற்லின் சுற்றின் சபைக்கு அது விளங்கும். கோடிக்கணக்கான வெள்ளை வீடுகளிலே யார் யாரைப் பார்த்துச் சிரித்தனர் என்பதை எவர் அறிவார்? சபை மாறும்போது அதே நகைப்பின் பொருளும் மாறிவிடுகின்றது.

ஆயின் கொலியர் எழுப்பிய அதே வினாவைத் தொடரின் உள்ளிருந்தே எழுப்பியவர் ஃபொக்ஸ் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். கறுப்பின எழுத்தாளரும் நெறியாளரும் வேண்டுமென அவர் தொடர்ந்து வற்புறுத்தினார். இலுங்கா அடெல் என்னும் கறுப்பின எழுத்தாளர் தொடரிற் பணியாற்றினார்; றிச்சட் பிறயரும் போல் மூனியும் இரண்டாம் பருவத்திலே சில கதைகளை எழுதினர். 1974 இலே பிணக்கு முற்றியது. ஃபொக்ஸ் படப்பிடிப்புக்கு வர மறுத்தார். ஊதியம், இலாபத்திற் பங்கு, தொழில் நிலைமைகள் என்பன அவரது கோரிக்கைகள். சாளரமுள்ள ஒப்பனையறை வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. தயாரிப்பு நிறுவனம் ஒரு கோடி டொலர் கோரி அவர்மீது வழக்குத் தொடுத்தது. அவரில்லாத கதைகளிலே கிறேடி என்னும் துணைப்பாத்திரம் முன்னுக்குக் கொணரப்பட்டது. ஈற்றிலே ஊதிய உயர்வு பெற்று அவர் மீண்டார்.

அக்காலப் பத்திரிகைகள் பல இதனை நட்சத்திர நடிகரொருவரின் அகம்பாவமாகவே சித்திரித்தன. சாளரக் கோரிக்கை தனியொரு பகிடியாயிற்று. நமது நோக்கிலே இப்பிணக்கு அவரது கலை வரலாற்றின் புறத்தே வைத்து எண்ணப்பட வேண்டியதன்று. அதன் நடுநாயகமான பகுதி. மேடையிலே எசமானை எள்ளியவர் இங்கு எசமானோடு நேரே பொருதினார். சமையற்கட்டிலே கோப்பை கழுவிய மனிதர், நாட்டின் முன்னணித் தொடரின் தலைநடிகரான பின்னரும், தமது உழைப்பு நிகழும் அறைக்குக் காற்றும் வெளிச்சமும் கேட்க வேண்டியிருந்தது. இதிலுள்ள நகைமுரணை அவரைவிட நன்கறிந்தோர் இருந்திருக்க முடியாது.

ஆனால் இப்போராட்டத்தின் எல்லையையும் நாம் மறைத்தலாகாது. அது ஒரு தனிமனிதரின் ஒப்பந்தப் போராட்டமாகவே நடந்தது. எழுத்தாளரையும் துணைநடிகரையும் தொழில்நுட்பவியலாளரையும் ஒன்றிணைத்த கூட்டு முயற்சியாக அது வளரவில்லை. ஆகவே ஊதியம் உயர்ந்தது. எதனை எழுதுவது, எதனை ஒளிபரப்புவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் இடம்மாறவில்லை. வெற்றி பெற்றவர் ஃபொக்ஸ். அவர் எழுப்பிய வினா வெற்றி பெறவில்லை.

7

பின்வந்த ஆண்டுகள் இதனை உறுதிப்படுத்துகின்றன. 1977 இலே ஏ.பி.சி. நிறுவனம் கூடிய ஊதியத்தோடு அவரை அழைத்தபோது 'சான்ஃபோர்ட் அன்ட் சன்' முடிவுற்றது. அவரது பெயரிலேயே தொடங்கிய பல்சுவை நிகழ்ச்சி சில மாதங்களில் நிறுத்தப்பட்டது. 1980 இலே பழைய பாத்திரத்தை மீட்டெடுத்த முயற்சியும், 1986 இலே மீண்டும் அவர் பெயர் தாங்கி வந்த தொடரும் நிலைக்கவில்லை. நிகழ்ச்சியின் தலைப்பிலே பெயர் இருப்பது வேறு, நிகழ்ச்சியின்மீது உரிமை இருப்பது வேறு. மேசைக்கடியில் விற்கப்பட்ட இசைத்தட்டிலே தாம் விரும்பியதைப் பேசிய மனிதர், தமது பெயர் பொறித்த நிகழ்ச்சியிலே பிறர் அனுமதித்ததையே பேசினார்.

1989 இலே எடி மேர்பி, றிச்சட் பிறயர் ஆகியோருடன் 'ஹார்லெம் நைற்ஸ்' படத்திலே தோன்றினார். நகைச்சுவையாளர் மூன்று தலைமுறையினர் ஒரே படத்திற் கூடிய நிகழ்வு அது. அதே ஆண்டு நவம்பரிலே வரி அதிகாரிகள் அவரது லாஸ் வேகாஸ் வீட்டினுட் புகுந்து உடைமைகளைக் கைப்பற்றினர். அவரது ஊதாரித்தனத்துக்கு இதிற் பங்குண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் பிறர் கைவிட்ட பொருள்களைச் சேர்ப்பவனாக நடித்துக் கம்பனிகளுக்குப் பெரும்பொருள் ஈட்டிக் கொடுத்தவரின் வீட்டுச் சாமான்கள் வெளியே கொண்டுசெல்லப்பட்ட காட்சியை, தனிமனித ஒழுக்கத்தின் பாடமாக மட்டும் வாசிப்பது போதாது.

1991 செப்டெம்பரிலே சி.பி.எஸ். நிறுவனத்தின் 'த றோயல் ஃபமிலி' என்னும் தொடரிலே டெல்லா றீசுடன் மீண்டும் நடிக்கத் தொடங்கினார். ஒக்டோபர் 11 ஆந் திகதி படப்பிடிப்பு அரங்கிலே நெஞ்சைப் பிடித்து விழுந்தார். பழைய தந்திரத்தை நடித்துக் காட்டுகிறார் என்றே உடனிருந்தோர் முதலில் எண்ணினர். அன்றே அவர் காலமானார்; வயது அறுபத்தெட்டு. இந்நிகழ்ச்சியை விதியின் விளையாட்டு எனக் கூறிக் கடந்துபோவது எளிது. நாம் வேறொன்றைக் காண்கிறோம். ஒரு மனிதரின் பாவனை பார்வையாளர் மனத்திலே எவ்வளவு ஆழப் பதிந்துவிட்டதெனில், அவரது உடலின் உண்மையான வேதனையைக் கூட எவராலும் உடனே நம்ப முடியவில்லை. தொடர்புச் சாதனம் கலைஞனிடமிருந்து எடுத்துக்கொள்வது எத்தகையது என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டியதில்லை.

8

தொகுத்து நோக்குமிடத்து, றெட் ஃபொக்ஸ் விலைபோனவருமல்லர். எல்லாத் தடைகளையும் வென்றவருமல்லர். கறுப்பின மக்களைப் பேதையராகக் காட்டிய நூறாண்டு மரபுக்கெதிரே, எள்ளப்பட்டோரின் எள்ளலை ஒரு கலையாக வளர்த்தவர்களுள் அவர் முதன்மையானவர். அக்கலையைத் தொலைக்காட்சிக்குள் கொண்டுசென்றபோது அதன் தாளத்தையும், தம்மோடு உழைத்தோர் சிலரையும் காத்தார்; அதன் கூர்மையிலே பெரும்பங்கை இழந்தார். இழப்பின் காரணத்தை அவரது மனவலிமையிலே தேடுவது பொருந்தாது. சபையும் கலைஞனும் ஒருவரையொருவர் அறிந்த அரங்கினை விட்டு, இருவரையும் அறியாத மூன்றாமவரின் உடைமையான அரங்கிற்குச் சென்றமையே அடிப்படைக் காரணம்.

ஃபொக்ஸ் திறந்த வாயிலினூடாகப் பின்வந்தோர் பலர் சென்றனர். 1974 இலும் 1975 இலும் தொடங்கிய 'குட் டைம்ஸ்', 'த ஜெஃபர்சன்ஸ்' ஆகிய தொடர்கள் கறுப்பினக் குடும்பக் கதைகளுக்குத் தொலைக்காட்சியில் நிலையான இடமுண்டு என்பதைக் காட்டின. தனித்து நின்று பேசும் நகைச்சுவையாளரைத் தொடர்நடிகராக்குவது பின்னர் அமெரிக்கத் தொலைக்காட்சியின் வழக்கமாகவே ஆயிற்று. அவர்களை மதிப்பிடும்போதும் சிரிப்பின் அளவையோ ஊதியத்தின் அளவையோ கொண்டு மதிப்பிடுதல் தகாது. எள்ளல் யார்மீது பாய்ந்தது, அதனை எழுதியது யார், நிறுத்தும் உரிமை யாரிடம் இருந்தது என்பனவே கேட்கப்பட வேண்டியவை. மக்கள் தமது துன்பத்தினிடையே ஆக்கிக்கொண்ட நகைப்பு மக்களின் உடைமையாகவே நிலைக்க வேண்டுமாயின், அது நிகழும் அரங்கும் அவர்களது உடைமையாக வேண்டும். சாளரமில்லாத அறையிலிருந்து ஒரு நகைச்சுவையாளர் எழுப்பிய கோரிக்கையின் முழுப்பொருள் அதுவே என நாம் கருதுகின்றோம்.